பிள்ளை இல்லாத பத்தியம்

பூண்டு உரிக்க உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நகக்கண்ணில் காரம் ஏற ஏற யாரையாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கும். என் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் பூண்டுத் தட்டை எடுத்தால் போதும், அவரவர் வேலையைச் சாக்கு வைத்து நழுவிவிடுவார்கள். காரணத்தை ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் நல்லதுதான். கேட்டிருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது. மலேசியாவில், கெடா மாநிலத்துக் கரங்கானிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்து வளர்ந்தது அலோர் ஸ்டார் பக்கம், மெர்கோங்கில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தார். மாதா கோயில் சாமியார் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம் என்னுடையது. டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கத் தெரியுமா என்று தோட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். சிரித்தவர்கள் வேறு யாரையாவது பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார்கள்.

என் கணவருக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் தகடுகளைக் காயப் போடும் இடம் அது. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் புகை வாசனை அவரோடேயே இருக்கும். அத்தை, அதாவது என் மாமியார், புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் லயத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். லயத்து வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. நடுவில் பலகைச் சுவர்தான், அதுவும் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இந்தப் பக்கம் நாங்கள் சத்தம் போடாமல் சாப்பிடுவோம்.

எனக்கு மாதம் ஏற ஏற அத்தை பத்தியத்துக்குச் சாமான் சேர்க்க ஆரம்பித்தார். பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பைத் தேற்றுவதற்கென்று தனிச் சமையல் உண்டல்லவா, அதற்கு. கூலிம் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போய் வரும்போதெல்லாம் பையில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு தடவை சுறாக் கருவாடு. ஒரு தடவை செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். பூண்டைக் கொத்தாகக் கட்டி அடுப்படி விட்டத்தில் தொங்கவிட்டார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் வறுத்து இடித்துக் கருப்பட்டியில் கிளறி, காய மருந்து என்று ஒரு ஜாடியில் அடைத்து வைத்தார். பத்தியத்துக்கென்றே ஒரு நாட்டுக்கோழியைக் கூண்டில் போட்டு வளர்த்தார்.

"ஒனக்கு அம்மா இல்ல. நான்தான் பாக்கணும். மருமவள சரியா பாக்கலன்னு நாளைக்கி யாரும் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது" என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எனக்கு எதுவுமே உறைக்கவில்லை என்பதால் இருக்கலாம்.

பிள்ளை டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். பையன். பிறந்ததிலிருந்தே மூச்சு விடச் சிரமப்பட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். டாக்டர் என் கணவரிடம் மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னார். கணவர் தலையாட்டிவிட்டுப் போய், ஆஸ்பத்திரி மங்குக் கிண்ணத்திலேயே தண்ணீர் பிடித்து வந்து, பிள்ளையின் நெற்றியில் ஊற்றி அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். சாமியார் வந்து சேர நேரமில்லை. அப்போது வைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறுநாள் பிள்ளை இல்லை. அடக்கத்துக்கு ஆண்கள் போனார்கள். நான் கட்டிலில் படுத்து மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெண் எனக்காக அழுதாள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது விட்டத்தில் பூண்டு இல்லை.

முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஜாடியும் இல்லை, கருவாட்டுப் பொட்டலமும் இல்லை. கோழியைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டிருந்தார்கள். அது வாசலில் சுதந்திரமாக மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது நிறைமாதம். நான்காவது பிரசவம். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தாள். அத்தை மற்றதையெல்லாம் எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

நான் கேட்கவில்லை. நான் பார்த்ததை அத்தை பார்த்தார்.

"பத்தியம் போட்டா பால் ஊறும். ஊறி யாருக்குக் குடுக்கப் போற? மாருதான் வலிக்கும்" என்றார். "சாமான் வீணாப் போவக் கூடாது பாரு."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பத்தியம் என்பது பாலுக்கு. பால் என்பது பிள்ளைக்கு. பிள்ளை இல்லை என்றால் பத்தியம் எதற்கு? கணக்கு நேராகத்தான் இருந்தது. என்னுடைய இடுப்பு கழன்று கிடந்ததும், ரத்தம் போய்க்கொண்டிருந்ததும், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியதும் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை. கஞ்சி கொடுத்தார்கள், குடித்தேன். தண்ணீரைக் குறைத்துக் குடி என்றார்கள், தண்ணீர் குடித்தால் பால் வற்றாதாம், குறைத்துக் குடித்தேன். சொன்னதைச் செய்வது சுலபமாக இருந்தது. நானாக யோசித்தால்தான் கஷ்டம்.

ஆனாலும் பால் வந்தது. அதற்கு யார் போய்ச் சொல்வது, வர வேண்டாம் என்று? மார் இரண்டும் கல்லாகிவிட்டன. கையைத் தூக்க முடியவில்லை. லயத்துப் பெண்கள் வந்தார்கள். அவரவர் வீட்டு வாசலில் நட்டிருந்த மல்லிகைச் செடியில் பறித்த பூவை மடியில் கட்டிக்கொண்டு வந்து, மாரில் வைத்து, பழைய சாரோங்கைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். மல்லிகைப் பூ பாலை இழுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பூ வாடினால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். வியர்வையும் பாலும் பூவும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. கல்யாண வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் எனக்கு மல்லிகைச் சரம் வேண்டாம். ஆகாது என்று சொல்லிவிடுவேன்.

"அழுதுரு தாயி, அழுதா கொறஞ்சிரும்" என்றாள் ஒருத்தி.

அழ வரவில்லை. வந்தால் அழ மாட்டேனா? அவர்கள் நான் அழுவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அடுப்பு வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள்.

அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். அவள் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் பலகைச் சுவருக்கு மேலே அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் முழுப் பூண்டு வதங்கும் வாசனை. அப்புறம் மிளகு. அப்புறம் சுறாவை வேக வைத்து உதிர்த்துப் புட்டாகக் கிளறும் வாசனை. நான் பாயில் படுத்திருந்தேன். எனக்குப் பசித்தது.

அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பிள்ளையைப் புதைத்து அதிக நாளாகவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை, கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவர் யாரோ போல இருந்தது. அப்படி ஒன்றுமில்லாமல் கிடந்தவளுக்குப் பசி மட்டும் வந்தது. வாயில் எச்சில் ஊறியது. எழுந்து போய்ப் பானையில் இருந்த கஞ்சியைக் குடித்தேன். பசி அடங்கவில்லை. அது கஞ்சிக்கு வந்த பசி இல்லை.

தோட்டத்துக்கு மாதாமாதம் கிளினிக் வேன் வரும். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து கைப்பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். தாய்மார்கள் பிள்ளையும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கலாம் என்று நானும் போய் நின்றேன். என் முறை வந்ததும் அந்த மலாய்க்கார மிஸ்ஸி குனிந்தபடியே, "பேபி மானா?" என்று கேட்டார். பிள்ளை எங்கே என்று. அவர் கேட்டதில் தப்பில்லை, எல்லோரும் பிள்ளையோடுதானே வந்திருந்தார்கள். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். உடம்பில் ரத்தமே இல்லை என்றார். ரத்த மாத்திரை கொடுத்து, தினமும் முட்டை, கீரை, நெத்திலி சாப்பிடச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தலையாட்டினேன். வீட்டில் வந்து சொன்னபோது அத்தை, "அதெல்லாம் புள்ளக்காரிங்களுக்குச் சொல்றது" என்றார். மாத்திரையை மட்டும் விழுங்கினேன். முட்டையை யார் கேட்பது?

கொஞ்ச நாளில் வேலைக்குப் போனேன். லீவு இருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்தால் பகல் முழுக்க அந்த வாசனை வந்தது, அந்தப் பிள்ளையின் அழுகை வந்தது. அழும்போதெல்லாம் என் ரவிக்கை நனைந்தது. பூ வைத்துக் கட்டியும் பால் முழுசாக வற்றவில்லை. மரத்தடியில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாள் ரப்பர் பால் வெட்டும்போது உளி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ரத்தம் வடிந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் பால் பிடிக்கும் மங்கில் சிவப்பைக் கண்டு ஓடி வந்தார்.

"என்னாம்மா நீ, வலிக்கலியா?"

"தெரியலண்ணே" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அடுத்து நடந்தது பக்கத்து வீட்டில். அக்காவுக்கு மாரில் பால் கட்டிக்கொண்டது. என் பத்தியத்தைச் சாப்பிட்டுப் பால் பொங்கியதில், பிள்ளை குடித்தது போக மீந்தது கட்டியாகிவிட்டது என்று அத்தை சொன்னார். அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் ஏறி, சீழ் வைத்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு உடனே டவுனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கீறி எடுக்க வேண்டும், சில நாள் தங்க வேண்டும் என்றார்களாம். பச்சைப் பிள்ளையை நோயாளிகள் நடுவில் வைக்கப் பயந்து, அவள் கணவர் பிள்ளையை மட்டும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் டின் பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்தார்கள். தித்திப்புப் பால், டீக்கு ஊற்றுவது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான். இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கக்கியது. வயிற்றால் போனது. அழுகைச் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் லயம் முழுக்கக் கேட்டது, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும், பிறகு காதைத் தீட்டினால்தான்.

வேலை முடிந்து வந்து நான் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் பிள்ளையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தையிடம் கேட்டார்.

"பெரியம்மா, ஒங்க மருமவளுக்கு இன்னும் பால் இருக்குன்னு வீட்டுல சொன்னுச்சி... ஒரு வாய் குடுத்தா..."

அத்தை வாசல்படியில் நின்றார். "புள்ளய பறிகுடுத்தவ பாலு ஆவாதுப்பா. ஒம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா அப்பறம் அவ தலையிலதான் விடியும். அந்தப் பேச்ச அவளால தாங்க முடியாது" என்றார்.

அதுவும் நியாயம்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னைத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு பேரும் எனக்கு எது நல்லது, எது கெட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை துண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டது. அழுகை என்று சொல்ல முடியாது, கதவுக் கீல் சத்தம் போல ஒன்று. என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது. நான் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தாய்ப்பாசம் பொங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பொங்கவில்லை. பிள்ளை முதலில் பிடிக்கத் தெரியாமல் முட்டியது, பிறகு பிடித்துக்கொண்டது. வலித்தது. பால் கொஞ்சமாகத்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தையும் அது விடாமல் இழுத்தது. நான் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் பிள்ளையாக இருந்தால் என்று நினைக்கவில்லை. இது என் பிள்ளை இல்லை என்றும் நினைக்கவில்லை. மரம் வெட்டப் போவது போல, தண்ணீர் தூக்குவது போல, இதுவும் ஒரு வேலை.

அத்தை படி இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். சாயங்காலம் அடுப்படியில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து மிச்சச் சாமானை வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. இந்த முறை சுவருக்கு மேலிருந்து இல்லை, எங்கள் அடுப்பிலிருந்து.

பூண்டுக் குழம்பு. சுறாப் புட்டு. சோற்றுக்கு நடுவில் குழி வெட்டி நல்லெண்ணெய். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். தட்டை வழித்தேன். இன்னும் போட்டார், அதையும் சாப்பிட்டேன். மறுநாள் கோழி. சொம்பு நிறைய வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. முருங்கைக்கீரை வந்தது, முட்டை வந்தது, மிஸ்ஸி சொன்ன நெத்திலியும் வந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று அத்தையே மண்டோரிடம் போய்ச் சொன்னார். சுடுதண்ணீரில் நொச்சி இலை போட்டு முதுகில் ஊற்றிவிட்டார். வயிற்றில் துணி சுற்றி இறுக்கிவிட்டார். எல்லாம் நடந்தது. எதுவும் குறையில்லை.

பால் ஊறியது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றது, கன்னம் எழும்பியது. எனக்கும் கண் இருட்டுவது நின்றது. எழுந்து நடக்கத் தெம்பு வந்தது. லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, "புள்ள தேறிருச்சிலா, மாமியா பத்தியம் லேசுபட்டதா" என்று அத்தையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அத்தைக்குப் பெருமை. அந்த ஆவாத பால் பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தை தட்டை என் முன்னால் வைப்பார். வைத்துவிட்டு, என் மடியில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் "சாப்புடு தாயி" என்பார். என்னைப் பார்த்து இல்லை. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். தட்டு எனக்கு வரவில்லை. என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தேன். எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது, அவ்வளவு நாளாகிவிட்டிருந்தது. நெஞ்சில் எதுவோ சுடுகிறதே, மிளகு அதிகமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் சாப்பிட்டேன். கோபம் வந்தால் சாப்பிடாமல் எழுந்து போகும் வசதியெல்லாம் எனக்கு இல்லை. பிள்ளை குடிக்க வேண்டும்.

அக்கா கட்டுப் போட்ட மாரோடு திரும்பி வந்தாள். ஒரு பக்கம் பால் நன்றாக இருக்கிறது, போதும் என்று சொல்லியிருந்தார்களாம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்ன எந்த ஜென்மத்திலயும் மறக்க மாட்டேன்டி" என்றாள். பிள்ளையை வாங்கி மோந்து மோந்து பார்த்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை அவளிடம் போனதும் அழவில்லை, அங்கேயும் முட்டியது, பிடித்துக்கொண்டது. மடி லேசாகிவிட்டது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் தட்டில் வெறும் சோறு. ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு சுட்ட கருவாடு. தண்ணீர்ச் சொம்பு இல்லை.

"இனிமே எதுக்கு? வத்தணும் பாரு" என்றார் அத்தை. மடியில் மல்லிகைப் பூ இருந்தது.

"பூ வேணாம் அத்தை" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பூவை மாதா படத்துக்கு முன்னால் வைத்தார்.

மறுநாள் அத்தை புல் வெட்டப் போன பிறகு நான் கரங்கானுக்குப் பஸ் ஏறினேன். என் சம்பளத்தில் மிச்சம் இருந்தது. அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் நானாவின் மளிகைக் கடை உண்டு. பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், சுறாக் கருவாடு, ஓமம், முட்டை என்று சொல்லிக்கொண்டே போனேன். நானா பொட்டலம் கட்டியபடி சிரித்தார்.

"பத்தியத்துக்கா தங்கச்சி? வீட்டுல யாருக்குப் புள்ள பொறந்திருக்கு?"

"எனக்கு" என்றேன்.

"அப்படியா, என்னா புள்ள?"

"ஆம்பளப் புள்ள. செத்துப் போச்சி."

பிள்ளை இறந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நானா பொட்டலத்தைக் கட்டி முடித்தார். கருப்பட்டியில் ஒரு வட்டு எடுத்துப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். பூண்டு உரித்தேன், நிறையப் பூண்டு. நகக்கண் எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தது. கருவாட்டை ஊறப் போட்டு வேக வைத்து உதிர்த்தேன். மிளகை அம்மியில் வைத்து, அத்தை அரைப்பதைவிட நைசாக அரைத்தேன். யாரையோ அரைப்பது போல அரைத்தேன். நல்லெண்ணெய் காய்ந்து பூண்டு சிவந்தபோது அந்த வாசனை சுவருக்கு மேலே ஏறி லயம் முழுக்கப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

அத்தை வரும் நேரத்துக்குச் சோறு வடித்தாகிவிட்டது. வாசலில் அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர் அடுப்படியில் அப்படியே நின்றார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"எனக்கு."

"எதுக்கு?"

"நான் புள்ள பெத்தவ அத்தை."

சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்காலில் புல் ஒட்டியிருந்தது.

"எனக்கு ரெண்டு போச்சி" என்றார். "ஒம் புருசனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கணவருக்கே தெரியுமோ என்னவோ.

"அப்ப யாரு ஆக்கிப் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரு போடுவா? கஞ்சிதான்." முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "கேக்கணும்னும் தெரியல."

பிறகு துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தார். என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தட்டு போடு" என்றார்.

போட்டேன். சோற்றில் குழி வெட்டி எண்ணெய் ஊற்றினேன். பிசைந்து பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார். மென்றபடியே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்காமலேயே சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சட்டியை வழித்து முடித்தபோதும் எங்களுக்குப் பசி அடங்கியிருக்கவில்லை. நான் எழுந்து இன்னொரு உலை வைத்தேன்.